வசனம் எடுத்துக் கொடுப்பவள்

என் அக்காவுக்கு இரண்டு குரல். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி கவுன்டரில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரல் ஒன்று. அந்தக் கவுன்டரில் மைக் ரிப்பேராகி மூன்று வருஷம் ஆகிறது, யாரும் சரி செய்யவில்லை, அவசியமும் வரவில்லை. அவள் நாற்பத்து மூன்று என்றால் வெளியே மருந்துக் கடையில் நிற்கிறவர்கூடத் தன் சீட்டை எடுத்துப் பார்ப்பார். மாலை ஐந்தரைக்கு மேல் இன்னொரு குரல். அது மேடையின் ஓரத் திரைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, வசனம் மறந்து முழிக்கிறவர் காதில் மட்டும் போய் விழும். முதல் வரிசையில் இருப்பவருக்குக் கேட்காது. பதினெட்டு வருஷமாக எங்கள் நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுப்பது அவள்தான். குழுவில் அவளுக்கு முணுமுணு என்று பெயர்.

நான் அவள் தங்கை. திரை இழுக்கிறவள். பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் என்பதால் நாடகப் பிரதியை நகல் எடுத்துத் தருகிற வேலையும் என் தலையில்தான் கட்டப்பட்டது. ஒரு தடவையாவது எனக்கு மேடையில் நிற்கிற வேஷம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். மரமாக நின்றேன். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

அக்காவின் தொழில் வீட்டிலும் அவளை விடுவதில்லை. யாராவது பேசும்போது ஒரு நொடி யோசித்தால் போதும், மீதியை அவளே எடுத்துக் கொடுத்துவிடுவாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் தான் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக முடித்ததில்லை என்று அத்தான் சொல்லிக் காட்டுவார். அதையும் பாதி சொல்லும்போதே அக்கா முடித்துவைத்தாள். அத்தான் பாவம், சாதுவான மனுஷர்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழு என்றால் ஏழு பேர். நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய கூடத்தில் சனிக்கிழமை ஒத்திகை. தலைவி, எழுதுகிறவர், பெரும்பாலும் கதாநாயகி எல்லாமே டீச்சர்தான். சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ராஜாக்களையே நடத்தி அலுத்துவிட்டதாம், இனிமேல் யாரும் கண்டுகொள்ளாத பெண்களை மட்டும்தான் மேடையில் ஏற்றுவேன் என்று கிளம்பியவர். அண்ணன் பெயரில் நட்சத்திரங்களைக் குறித்து வைத்தவள், புருஷன் பெயரில் பாலத்துக்குக் கணக்குப் போட்டவள், போர்க்களத்தில் காயத்துக்குத் தையல் போட்டுவிட்டுக் கூலி இல்லாமல் வீட்டுக்குத் திரும்பியவள் என்று வருஷத்துக்கு ஒருத்தி. எங்கிருந்துதான் தோண்டி எடுப்பாரோ தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தில் கல்லு. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டார். பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் பென்சிலால் 'ஆதாரம்' என்று போட்டு, எந்தக் கடிதம், எந்தச் செய்தித்தாள், எந்தக் கல்வெட்டு என்று எழுதியிருப்பார். அந்த ஓரத்தையும் சேர்த்து நகல் எடுக்க வேண்டும். தாள் பத்தாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழுவுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வசனம் மறந்தால், ஓரத்திலிருந்து என்ன வருகிறதோ அதை யோசிக்காமல் சொல்லிவிட வேண்டும். யோசித்தால் முகத்தில் தெரிந்துவிடும், முகத்தில் தெரிந்தால் நாடகம் போச்சு என்பார் டீச்சர்.

இந்தச் சட்டத்தால்தான் மின்விசிறி விவகாரம் நடந்தது. நட்சத்திரம் குறித்தவளின் நாடகத்தில், பேங்க்கில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி நாயகியாக நடித்தாள். பேங்க் என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவோம். அரசர் முன்னால் நின்று பேச வேண்டிய இடத்தில் அவளுக்கு வசனம் மறந்துவிட்டது. அதே நொடியில் ஓரத்தில் அக்காவின் பிரதி காற்றில் பறக்க, அவள் பக்கத்தில் இருந்த என்னிடம் அடிக்குரலில் ஒன்று சொன்னாள். அவ்வளவுதான். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனையில், தலையை நிமிர்த்தி, கணீரென்று பேங்க் சொன்னாள், "அந்த ஃபேனை நிறுத்து, பேப்பர் பறக்குது."

கூடமே கை தட்டியது. அரசராக நடித்தவர் தாடிக்குள் சிரித்து, சிரித்ததில் தாடி கழன்று விழுந்தது. டீச்சர் பேங்க்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் சட்டப்படி நடந்தாள் என்றார். அக்காவைத்தான் பார்த்தார். அக்கா அன்றைக்கு அழுதுகொண்டே ஒரு சத்தியம் செய்தாள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தாளில் இல்லாத ஒரு சொல்லை இனி உச்சரித்தால், டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவேன் என்றாள். நீலத்தாள் ஒட்டிய ஒரு சின்ன டார்ச், அதுதான் அவளுக்குப் பிரதி படிக்க வெளிச்சம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம். தும்மலைக்கூட அடக்கிக்கொண்டாள்.

போன வருஷம் டீச்சர் எடுத்த கதை எங்கள் ஊர்க் கதை. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஆறு உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம். அப்போது டெலிபோன் என்றால் எக்ஸ்சேஞ்சில் ஒருவர் உட்கார்ந்து கையால் இணைப்புக் கொடுக்க வேண்டும். வெள்ளம் ஏறிய இரண்டு நாளும் ஆபரேட்டர் ஒருத்தி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஆற்றோரத்தில் டெலிபோன் இருந்த வீடு, கடை, ஆலை எல்லாவற்றையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு மேட்டுக்குப் போகச் சொன்னாள். எக்ஸ்சேஞ்ச் வாசலில் இருக்கிற கல்லில் மேலதிகாரியின் பெயர் இருக்கிறது. அவர் அந்த இரண்டு நாளும் ஊரிலேயே இல்லை. ஒரு கிழிந்த செய்தித்தாள் துண்டை வைத்துக்கொண்டு டீச்சர் அந்த ஆபரேட்டரைப் பற்றிக் கண்டுபிடித்தார், நேரில் கேட்க அவள் உயிரோடு இல்லை. அதில் 'தன்னந்தனியாக' என்று போட்டிருந்தது. அதற்கு மேல் தேட, அந்த வருஷத்து எக்ஸ்சேஞ்ச் ரெஜிஸ்டர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எந்தப் புண்ணியவான் தொலைத்தானோ, அவன் கையில் கட்டி வர என்று டீச்சர் மூன்று மாதம் திட்டித் தீர்த்தார்.

பிரதியைப் படித்ததும் அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். ஏனென்றால் எங்கள் அம்மா அந்த எக்ஸ்சேஞ்சில்தான் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். வெள்ளத்தின்போது அவளும் உள்ளேதான் இருந்தாள். கீழ்த்தளத்தில் பேட்டரி அறை. அதற்குள் தண்ணீர் போயிருந்தால் மேலே ஆபரேட்டர் யாரோடும் பேசியிருக்க முடியாது. அம்மா அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அக்காவுக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்து வீட்டு மாடியில் விட்டிருந்தார்களாம். மூன்றாம் நாள் அம்மா வந்து தூக்கியபோது அம்மாவின் கை இரண்டும் வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிப் போயிருந்தது, வேறு யாருடைய கையோ என்று பயந்து கத்தினேன் என்று அக்கா டீச்சரிடம் சொன்னாள்.  டீச்சர் முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்.

"நீ சொல்றத நான் நம்புறேன்மா. ஆனா நம்புறது வேற, எழுதுறது வேற. பேப்பர்ல 'தன்னந்தனியாக'ன்னு இருக்கு. நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் எதைக் காட்டுவேன்? உங்க அம்மாவ வந்து சொல்லச் சொல்லு, எழுதிக்கிறேன்."

அம்மாவா சொல்வாள். வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் மாறி மாறிக் கெஞ்சினோம். ரெஜிஸ்டரைத் தொலைத்தவனை டீச்சர் என்னவெல்லாம் திட்டுகிறார் என்று நான் வேறு நடித்துக் காட்டினேன். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண்டுகொள்ளாமல் விட்ட பெண்களுக்காகவே நாடகம் போடுகிற குழு, அதிலும் பெருக்குகிறவளைக் கண்டுகொள்ளாமல் விடுவதா? குழுவை விட்டே வந்துவிடுவோம், திரையை அவர்களே இழுத்துக்கொள்ளட்டும் என்று குதித்தேன். அக்கா வரவில்லை. அவளுக்கு அந்த ஸ்டூல் வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் வியாதியைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, அந்த இருட்டு மூலையும் நீல வெளிச்சமும்தான் மூச்சு விடுகிற இடம். அது எனக்குத் தெரியும், அதனால் நானும் போகவில்லை.

நாடகத்தின் கடைசிக் காட்சி ஒரு விசாரணை. அதிகாரி கேட்பார், ரெண்டு நாளும் உங்க கூட யாரு இருந்தா? ஆபரேட்டர் சொல்ல வேண்டும், யாரும் இல்ல சார், நான் தனியாத்தான் இருந்தேன். ஒத்திகையில் இந்த இடம் வரும்போதெல்லாம் அக்காவின் டார்ச் லேசாக ஆடும். எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் டீச்சர் ஒரு வரி மறந்ததில்லை.

அம்மாவை நாடகத்துக்குக் கூட்டி வந்தது அத்தான். அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. தன்னிடம் ஒரு டிக்கெட் வீணாகிறது என்று ஆரம்பித்து, அக்கா வீட்டில் இல்லாததால் வாக்கியத்தை முழுசாக முடித்தாராம். அந்த ஆச்சரியத்திலேயே அம்மா கிளம்பிவிட்டாளாம். மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை இடுக்கில் பார்த்து அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அம்மா எதிரிலேயே 'தனியாத்தான்' என்று சொல்லப் போகிறார்களே என்றாள்.

நாடகம் நன்றாகவே போனது. அலமாரிக் கதவில் ஓட்டை போட்டு, ஷூ லேஸ்களைத் தொங்கவிட்டு நான் செய்த டெலிபோன் போர்டு அசல் மாதிரியே இருந்தது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லவில்லை. டீச்சர் லேஸைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகி, தொண்டை கட்டக் கட்டப் பேசியதில் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடைசிக் காட்சி வந்தது. ஒட்டு மீசையோடு பேங்க்தான் அதிகாரி. கேள்வியைக் கேட்டாள்.

"ரெண்டு நாளும் உங்க கூட யாரு இருந்தா?"

டீச்சர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். அவர் பார்வை எதேச்சையாக மூன்றாவது வரிசைப் பக்கம் போய் நின்றிருந்தது. முதலில் நடிப்பு என்று நினைத்தேன். பிறகு அவர் வலது கை புடவை மடிப்பைப் பிடித்தது. அது எங்கள் குழுவின் சைகை. மறந்துவிட்டது, எடுத்துக் கொடு என்று அர்த்தம்.

அக்கா பிரதியைப் பார்த்தாள். அவள் விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. நீல வெளிச்சத்தில் எனக்கே எழுத்து தெரிந்தது. அவள் டார்ச்சை அணைத்தாள். பிறகு அந்தக் குரல், முதல் வரிசைக்குக் கேட்காத குரல், திரைக்கு இந்தப் பக்கமிருந்து போனது.

சட்டத்தைப் போட்டவரே சட்டத்தை மீறுவாரா? டீச்சர் யோசிக்காமல், கணீரென்று, அதிகாரியின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"கீழ ஒருத்தி இருந்தா சார். பெருக்குறவ. ரெண்டு நாளும் அவ தண்ணி இறைச்சா, அதனாலதான் நான் பேசினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பேங்க் அதைவிடத் திணறினாள். அவளுக்கு அடுத்த வரி இல்லை. ஓரத்தைப் பார்த்தாள், ஓரத்தில் என் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாகப் பேங்க்கில் கையெழுத்தைச் சரிபார்க்கிறவள் வேறு என்ன கேட்பாள்?

"ரெஜிஸ்டர்ல அப்படி யாரும் இல்லையே?"

  அப்போது மூன்றாவது வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றாள், கைப்பையோடு.

"எப்படி சார் இருக்கும்? அந்த ரெஜிஸ்டரை எல்லாம் தண்ணியில போட்டதே நான்தானே."

மேடையில் மீசை ஒரு பக்கம் தொங்கியது. அம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்தே பேசினாள். நாற்பத்தாறு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தவள் மாதிரி, ஒன்று விடாமல் சொன்னாள். பேட்டரி அறைக் கதவடியில் தண்ணீர் வந்ததாம். அடைக்க மண் மூட்டை இல்லை. அலமாரியில் தடி தடியாக நோட்டுகள் இருந்தன. வாசலில் அடுக்கி, மேலே கோணியைப் போட்டு, ஏறி மிதித்து, கசிந்து வந்த தண்ணீரை இறைத்தாள். எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. வேலைக்கு வந்ததற்கு அவள் கையெழுத்துப் போடுகிற நோட்டும் அதில்தான் போனது. ஆபீஸ் நோட்டை நாசம் செய்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று, தண்ணீர் வடிந்ததும் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

"நான் அங்க இருந்தேன்னு சொன்னா, நோட்டு எங்கன்னு கேப்பாங்கல்ல. அதான் சொல்லல," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல சார்?"

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. பாவி மகள், எத்தனை தடவை அந்த ரெஜிஸ்டர் திட்டை அவள் எதிரிலேயே நடித்துக் காட்டியிருக்கிறேன்.  பேங்க்தான் சமாளித்தாள். தொங்குகிற மீசையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

"விசாரணை முடிஞ்சுதும்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப சரி," என்று அம்மா உட்கார்ந்தாள்.

கை தட்டல் எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அத்தான் எழுந்து நின்று தட்டினார். அவர் சத்தமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. நான் கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டு நிற்கிறேன், மேடையில் இரண்டு பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். என் காதுக்குள் அந்தக் குரல் வந்து விழுந்தது, "திரை, கழுதை, திரை." இழுத்தேன். அதுவும் தாளில் இல்லாத சொல்தான்.

திரை விழுந்ததும் அக்கா முதல் வேலையாக டார்ச்சைக் கொண்டுபோய் டீச்சர் கையில் வைத்தாள்.  டீச்சர் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.  அவருக்குக் கோபமா இல்லையா என்று முகத்தில் பிடி கிடைக்கவில்லை. நேரே கூடத்துக்குள் இறங்கிப் போய், அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மொத்தம் எத்தனை ரெஜிஸ்டர் இருக்கும் என்று கேட்டார். நாற்பது இருக்கும், தடிமனாகப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன் என்றாள் அம்மா. மூன்று மாதமாக உங்களைத் திட்டியிருக்கிறேனே, மன்னிச்சுக்கங்க என்றார் டீச்சர். அதெல்லாம் என் சின்னவள் வந்து நன்றாகவே நடித்துக் காட்டினாள் என்று அம்மா என்னைக் காட்டிக் கொடுத்தாள்.

நாடகம் முடிந்து அடுத்த இரண்டு நாளும் அக்கா ஆஸ்பத்திரியில் டோக்கனை அடிக்குரலில் கூப்பிட்டாளாம். ஒருவர் நம்பரும் ஒருவருக்கும் கேட்காமல் ஒரே கூச்சலாம். வீட்டில் அத்தான் தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் முடிக்க ஆளில்லாமல் அந்தரத்தில் நின்றன. அவரே கவலைப்பட்டு எனக்குப் போன் செய்தார்.

மூன்றாம் நாள் டீச்சர் என் கடைக்கு வந்தார். ஒரு தாளை நீட்டி, அடுத்த சனிக்கிழமைக்கு ஆறு நகல் வேண்டும் என்றார். விசாரணைக் காட்சி, புதிதாக எழுதியது. அதிகாரியின் கேள்வியும், கீழே ஒருத்தி இருந்தாள் என்ற பதிலும், ரெஜிஸ்டர் கேள்வியும், அப்புறம் பெருக்குகிறவள் தானே வந்து சொல்கிற நீளமான வசனமும் வரிசையாக இருந்தன. கைப்பையைத் துழாவி டார்ச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். புது பேட்டரி போட்டிருந்தது, நீலத்தாளும் புதிது.

"இத உங்க அக்காகிட்ட குடு. பேட்டரி தீர்ந்துபோச்சுன்னுதான் குடுத்தான்னு நான் நினைச்சுக்கிட்டேன்," என்றார்.

அவர் போன பிறகு தாளை இயந்திரத்தில் வைத்தேன். பழக்கம் காரணமாக இடது ஓரம் முழுசாக விழுகிறதா என்று பார்த்தேன். பென்சிலால், அவருடைய குண்டு எழுத்தில் இருந்தது:

'ஆதாரம்: மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி.'

ஆறு நகல் எடுத்தேன். அம்மாவுக்கு என்று ஏழாவதாக ஒன்று எடுத்துக்கொண்டு, கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுப் போனேன். வசனத்தையெல்லாம் அவள் சும்மா கேட்டுக்கொண்டாள், அது அவள் சொன்னதுதானே. ஓரத்தில் இருந்ததை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அம்மா இந்தத் தடவை அடுப்பைப் பார்க்கப் போகவில்லை.